பத்து வரை எண்ணுங்கள், டீச்சர்

"இப்ப நான்தான் டீச்சர். நீங்க எல்லாரும் மூணாங்கிளாஸ் பிள்ளைங்க. சரியா?"

வட்டார வள மையத்தின் மாடிக் கூடத்தில், எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்த பெண் இப்படிச் சொன்னதும், நாற்பது ஆசிரியர்கள் ஒரே குரலில் "சரிங்க டீச்சர்ர்ர்" என்று இழுத்தோம். அந்த நாற்பதில் பாதித் தலைகள் நரைத்தவை. இரண்டு பேருக்கு மூட்டு வலி, மாடி ஏறும்போதே கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறியவர்கள். அவர்களும் இழுத்தார்கள்.

குறுவை நட்டு முடிந்திருந்த சமயம். ஜன்னல் வழியாகச் சேற்று வாசனை வந்துகொண்டிருந்தது. உள்ளே புதுச் சார்ட் தாள், பசை, ஸ்கெட்ச் பேனா வாசனை. எங்களை ஐந்து குழுவாகப் பிரித்து ஆற்றுப் பெயர் வைத்திருந்தார்கள். நான் குடமுருட்டிக் குழு. எந்தப் பயிற்சிக்குப் போனாலும் என்னைக் குடமுருட்டியில்தான் போடுவார்கள், ஏனென்று தெரியாது.

வெளி ஆட்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் தொழிலில் இது வழக்கம். மாதிரி வகுப்பு நடத்திக் காட்டப் பிள்ளைகள் வேண்டும், பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகளுக்கு எங்கே போவது? ஆகவே நாங்களே பிள்ளைகள். "டீச்சர், இவன் என்னைக் கிள்றான்" என்று ஒரு தலைமை ஆசிரியர் எழுந்து நின்று புகார் சொல்வார். பேரன் எடுத்த அம்மா ஒருத்தர் சுண்டு விரலைக் காட்டி வெளியே போக அனுமதி கேட்பார். பிள்ளையாக நடிக்கச் சொல்லிவிட்டால் எங்களை அடக்க முடியாது.

அன்றைய பாடம், காத்திருப்பது. "ஒரு கேள்வி கேட்டா உடனே பக்கத்துப் பிள்ளைகிட்ட தாவிடாதீங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. சில பிள்ளைக்குப் பதில் உள்ளேருந்து கிளம்பி வாய்க்கு வர நேரமாகும்" என்றாள் அந்தப் பெண். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும்.

நான் பக்கத்தில் இருந்த கலா டீச்சரிடம், எல்லோருக்கும் கேட்கும்படியே முணுமுணுத்தேன். "அஞ்சு கிளாசையும் ஒத்தை ஆளா மேய்க்கிறேன். நான் பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள ரெண்டாங்கிளாஸ் சுவரேறிக் குதிச்சிடும்."

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதைச் சொல்லாமல், அதற்கடுத்து நான் செய்த காரியத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

பேச ஆளில்லாத பள்ளிக்கூடம்

நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி, இறங்கி வாய்க்கால் கரையோடு பத்து நிமிஷ நடை. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி, பெயருக்கு. தலைமை ஆசிரியரை ஒரு மாதத்துக்கென்று வேறு பள்ளிக்கு மாற்றுப் பணியில் அனுப்பினார்கள். அந்த ஒரு மாதம் ஒன்றரை வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பது பிள்ளைகள், ஐந்து வகுப்பு, நான்.

சத்துணவு சமைக்கும் அம்மா ஒருத்தர் உண்டு. இரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வரேன் டீச்சர், மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று போய்விடுவார். அதன் பிறகு சாயங்காலம் வரை அந்தக் காம்பவுண்டுக்குள் பத்து வயதுக்கு மேற்பட்ட ஜீவன் நான் ஒருத்திதான்.

பிள்ளைகள் இருக்கும்போது தனிமை எங்கே என்று கேட்பீர்கள். இருபத்தைந்து வருஷம் வகுப்பில் நின்றவளிடம் கேட்கிறீர்கள், சொல்கிறேன். பிள்ளைகளிடம் நாள் முழுக்கப் பேசலாம். ஆனால் "எனக்கு இன்னைக்கு முடியலடா" என்று சொல்ல முடியாது. அவர்கள் முகம் வாடிப் போகும்.

வீட்டிலும் அதே கதை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மாடிப் போர்ஷன். அம்மா போய் இரண்டு வருஷமாகியிருந்தது. எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதை இதே பத்தியில் முன்பே ஒரு வாரம் எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு ஓய்வு பெற்ற கிழவிக்கு வரன் சொல்லிக் கடிதம் போட்ட இரண்டு வாசகர்களுக்கும் நன்றி, வேண்டாம்.

சில நாள் கதவைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்பேன். யாரிடம் சொல்கிறேன்? யாரும் இல்லை. சொல்லிவிட்டு ஃபேனைப் போடுவேன்.

அதனால்தான் பயிற்சிக் கடிதம் வந்தால் மற்றவர்கள் "இதுக்கு வேற அலையணுமா" என்று சலித்துக்கொள்ள, நான் முதல் நாளே புடவையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவேன். அன்றைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒருவர் வந்து என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். எனக்கு நாள் முழுக்கப் பெரியவர்களோடு பேச்சு. பேச்சு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சம்பளக் கமிஷன், யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்தக் கடையில் சுங்குடி நல்லது. போதும், அதுவே எனக்கு ஒரு மாதத்துக்குத் தாங்கும்.

பெட்டியிலேயே இருந்த பூமி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தஞ்சாவூரில் பத்து நாள் தங்கிப் பயிற்சி எடுத்தது ஞாபகம் வருகிறது. ஒரு பள்ளிக்கூட ஹாலில் பாய் விரித்துப் படுப்போம். பகலில் புளியங்கொட்டை, சோடா மூடி, தீக்குச்சி எல்லாம் வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொண்டோம். பழைய காலுறையில் பொம்மை செய்தோம். என் பொம்மைக்கு ஒரு கண் பெரிதாகிவிட்டது. அந்தக் கோணல் கண் பொம்மையைத்தான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது.

முதல் பள்ளியில் இருந்தபோது மேலேயிருந்து ஒரு பெரிய உபகரணப் பெட்டி வந்தது. காந்தம், லென்ஸ், சுழலும் பூமி உருண்டை. தலைமை ஆசிரியர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "தொட்டா ஒடஞ்சிடும்மா. ஆய்வுக்கு வர்றவங்க கேட்டா முழுசா காட்ட வேணாமா?" என்பார். அவர் ஓய்வு பெறும் வரை பூமி உருண்டையின் பிளாஸ்டிக் உறை கிழியவில்லை. புதிதாக வந்தவர் திறந்தபோது கரையான் பாதிப் பெட்டியைத் தின்றிருந்தது. பூமிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அதைத் தூக்கி வந்து வகுப்பு நடுவில் வைத்துச் சுற்றிவிட்டேன். ஒரு வாரத்தில் அச்சு உடைந்தது. அவர் சொன்னது சரிதான், ஆனால் அந்த ஒரு வாரம் பிள்ளைகள் ரீசஸுக்குக்கூட வெளியே போகவில்லை.

பிறகு கணக்குப் பெட்டி வந்தது, ஆங்கிலப் பெட்டி வந்தது, கடைசியில் டிவியும் வந்தது. நெட் கிடைக்கும், வேப்ப மரத்தடியில் நின்றால். குறை சொல்லவில்லை, எல்லாமே நல்ல சாமான்தான். எனக்கு வேண்டியிருந்தது, "இந்தப் பிள்ளை வாயே திறக்க மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?" என்று கேட்க ஒரு மனுஷர். அதைத்தான் யாராலும் பெட்டியில் போட்டு அனுப்ப முடியவில்லை.

வாயே திறக்காத அந்தப் பிள்ளையின் பெயர் தர்ஷினி. நாலாம் வகுப்பு.

கீழிருந்து மேலே

மாடிக் கூடத்துக்கே வருகிறேன். "பதில் சொல்லாத பிள்ளையா நடிக்க யார் வர்றீங்க?" என்று கேட்டாள் பயிற்சி கொடுத்த பெண்.

முந்தைய சிரிப்பின் ருசி நாக்கிலேயே இருந்தது. கையைத் தூக்கினேன். முன்னால் போய் நின்று, கூடத்தைப் பார்த்து, "எங்க ஸ்கூல் தர்ஷினியப் பாருங்க" என்றேன். ஆமாம், பெயரையும் ஊரறியச் சொன்னேன்.

தர்ஷினியிடம் ஒரு கேள்வி கேட்டால் முதலில் தலை குனியும். அப்புறம் வலது கை சட்டையின் கடைசிப் பட்டனுக்குப் போகும். கீழிருந்து மேலே ஒவ்வொரு பட்டனாகத் தொடுவாள். மேல் பட்டனுக்கு வந்ததும் உதட்டை ஒரு தரம் ஈரப்படுத்திக்கொள்வாள். பிறகு கை திரும்பவும் கீழே போய்விடும். இதைத்தான் செய்தேன். புடவையில் பட்டனுக்கு எங்கே போக? முந்தானை மடிப்பைப் பட்டனாக்கிக்கொண்டேன். முழங்காலைச் சேர்த்து, தோளைக் குறுக்கி, ஐம்பத்து மூன்று வயதில் ஒன்பது வயதாக நின்றேன்.

சிரிப்பென்றால் சிரிப்பு! பெஞ்சில் தட்டினார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கலா டீச்சர் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டியே செய்தேன்.

பயிற்சி கொடுத்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு மெல்ல விரலில் எண்ணினாள். நான் ஆறு வரைக்கும் தாங்கவில்லை. "தெரியாது டீச்சர்ர்" என்று மூக்கால் சொல்லிக் கூட்டத்தைக் கவிழ்த்தேன்.

"அந்தப் பிள்ளை நெஜமாவே தெரியாதுன்னுதான் சொல்லுமா?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? அதுக்குள்ள நான் அடுத்த பிள்ளைகிட்ட போயிருப்பேன்."

அதற்கும் சிரித்தார்கள். டீ இடைவேளையில் என்னைச் சுற்றி நாலு பேர். "உங்களுக்குள்ள இவ்வளவு இருக்கா வசந்தா டீச்சர்!" மசால் வடையை என் கையில் திணித்தார்கள். அன்று மாலை நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டிருந்தது. பஸ் அரை மணி நேரம் அப்படியே நின்றது. எனக்கு அலுப்பே தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் இன்னொரு தரம் செய்து பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் செய்தேன்.

செல்வி

இரண்டு நாள் கழித்து தர்ஷினி பள்ளிக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் அவள் அம்மா செல்வி வந்து வாசற்படியில் நின்றாள். குத்தகைக்கு எடுத்த நாலு மா நிலத்தை, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், தனியாகப் பார்க்கிறவள், வீட்டுக்காரர் கத்தாரில். வயலிலிருந்து நேரே வந்திருந்தாள், கணுக்காலில் சேறு காயவில்லை.

"உள்ள வா செல்வி. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?"

"உள்ள வரல டீச்சர். ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். எம்பொண்ணு உங்களுக்கு என்ன பண்ணிச்சு?"

போனை நீட்டினாள். கலா டீச்சரின் வாட்சப் ஸ்டேட்டஸிலிருந்து, பள்ளிக்கூட ஊரில் இருக்கும் கலாவின் சொந்தக்காரர் ஒருவர் எடுத்து, ஊர்க் குழுவில் போட்டிருக்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். படத்தில் நான் முந்தானையைக் கீழிருந்து மேலே எண்ணிக்கொண்டிருந்தேன்.

"தர்ஷினி பாத்துட்டாளா?"

"பாத்தா. நாலு வாட்டி போட்டுப் பாத்தா. அழவும் இல்ல. 'நான் இப்படியாம்மா பண்றேன்?'னு கேட்டா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் சோறு எறங்கல."

"தப்புதான் செல்வி. என்னை மன்னிச்சிடு."

"தெருவுல போறவன் கிண்டல் பண்ணா நாலு வார்த்த கேட்டுட்டு வந்திருப்பேன். நீங்க டீச்சர். உங்கள நான் என்னன்னு கேக்கறது?" குரல் உடைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேன் வர்ற இங்கிலீஷ் ஸ்கூல்ல கேட்டிருக்கேன். அவ அப்பாகிட்ட சொல்லிட்டு டிசி வாங்கிக்கறேன்."

அவள் வரப்பில் இறங்கி நடந்து மறையும் வரை நின்றேன். பின்னால் பதினெட்டுப் பிள்ளைகளும் சத்தமில்லாமல் இருந்தார்கள். அவர்களும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் வீடுகளிலும் போன் இருக்கிறதே.

கலாவைக் கூப்பிட்டேன். பதறிப்போய் உடனே அழித்தாள். ஊரெல்லாம் போன பிறகு அழித்து என்ன? அவள் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? இதை யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல் இருந்தது. கலாவைத் தவிர வேறு யாரும் எனக்குத் தோன்றவில்லை. அவளிடமோ அழ முடியாது.

கத்தாரிலிருந்து

அந்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தது. அங்கே வெள்ளி விடுமுறை.

"டீச்சர், நான் ரமேஷ் பேசுறேன். தர்ஷினி அப்பா."

என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று மரத்தடிக்குப் போய் நின்றேன். அவர் திட்டவில்லை.

"அந்த வீடியோ பாத்தேன் டீச்சர். எம்பொண்ணு அப்படித்தான் பண்ணுமா? பட்டன எண்ணுமா?"

"ஆமாங்க. ரமேஷ், நான் பண்ணது..."

"இருங்க டீச்சர், நான் சொல்லிக்கறேன். நான் கெளம்பும்போது அதுக்கு மூணு வயசு. நடுவுல ஒரு தடவதான் லீவுல வந்தேன், நாப்பது நாளு. தெனம் வீடியோ கால் போடுறேன். 'சாப்பிட்டியாம்மா, ஸ்கூல் போனியாம்மா'ன்னு கேப்பேன். தலைய குனிஞ்சிக்கும். அப்பாகிட்ட பேசப் பிடிக்கல போலன்னு, 'அம்மாகிட்ட குடு'ன்னு சொல்லிடுவேன். போன்ல மூஞ்சி மட்டும்தானே தெரியுது? கை தெரியாதே. கீழ அது பட்டன எண்ணிக்கிட்டு இருந்திருக்கும் போல. நான் அதுக்குள்ள வெச்சிட்டிருக்கேன் டீச்சர், இத்தன வருஷமா."

இவ்வளவு தூரத்திலிருந்து, கேலி செய்த வீடியோவில், அவர் தம் மகளைப் பார்த்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்த நான் பார்க்கவில்லை.

"கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணிப் பாருங்க" என்றேன். நான் நையாண்டி செய்த அதே பாடம். "அது வரைக்கும் நீங்க எதுவும் பேசாதீங்க."

"பத்து என்ன டீச்சர், நூறு எண்ணுறேன். ஸ்கூல மாத்த வேணாம்னு செல்விகிட்ட சொல்லிடுறேன். அதப் புரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."

போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திங்கட்கிழமை

தர்ஷினி வந்தாள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல். தன் இடத்தில் உட்கார்ந்தாள். பழைய தர்ஷினிதான் என்று நினைத்தேன்.

சூழ்நிலையியல் பாடத்தில் அவளைக் கேட்டேன். "நம்ம ஊர் வாய்க்காலுக்குத் தண்ணி எந்த ஆத்துலேருந்து வருது, தர்ஷினி?" அவள் வீடே அந்த வாய்க்கால் கரையில்தான். மற்ற பிள்ளைகளைக் கையமர்த்திவிட்டு மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு.

எழுந்து நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்று எண்ணுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"தெரியாது டீச்சர்."

மதியம் தனியாகக் கூப்பிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, "நான் பண்ணது பெரிய தப்புடி தங்கம். உன்னை மாதிரி பண்ணி சிரிச்சிருக்கக் கூடாது. டீச்சர மன்னிச்சிடுறியா?" என்று கேட்டேன். எண்ணக்கூட ஆரம்பிக்கவில்லை.

"பரவால்ல டீச்சர்" என்றாள். கை பின்னாலேயே இருந்தது.

"கைய முன்னாடி வெச்சுக்கலாம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"பரவால்ல டீச்சர்."

அந்த வாரம் முழுக்க எதைக் கேட்டாலும் "தெரியாது டீச்சர்", "பரவால்ல டீச்சர்" இரண்டில் ஒன்று உடனே வந்தது. இத்தனை வருஷம் நான் பிள்ளைகளிடம் எதிர்பார்த்த வேகம் அதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது "வந்துட்டேன்" என்று சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, அதே நேரத்துக்கு ரமேஷ் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க சொன்னபடி எண்ணிக்கிட்டேதான் இருக்கேன். நேத்து அம்பது வரைக்கும் போயிட்டேன். போன தள்ளி வெச்சுப் பிடிக்கச் சொன்னேன், கை தெரியட்டும்னு. பட்டன் பக்கமே போக மாட்டேங்குது. ஸ்கூல்லயாவது பண்ணுதா டீச்சர்?"

பைப்படியில் பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தர்ஷினி ஒரு கையால் தட்டைத் தண்ணீரில் காட்டினாள். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருந்தது.

மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்து வந்தது, தாண்டியும் போனது. ரமேஷ் ஹலோ சொல்லவில்லை, லைனில் இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ ஏசி ஓடும் சத்தம். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"பண்றதில்லங்க" என்றேன். "நான் பண்ணிக் காட்டினதுலேருந்து, அவ பண்றதில்ல."